மழை வீதிக்கும் மலை வீதிக்கும் எந்த டயர்?

(பருத்தித்துறையில் வான், லொறி, பஸ் சாரதிகளும், மலையகத்திலிருந்து வந்து வடக்கில் வேலை செய்யும் குடும்பங்களும் கூடிய சந்திப்பில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. தோட்டங்களில் உள்ள உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



சங்கத்து ஆட்கள் வந்தால் சம்பளம் பேசுவார்கள், காணி பேசுவார்கள், லயத்துக் கூரை பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இன்றைக்கு நாங்கள் டயர் பேச வந்திருக்கிறோம். இதுவும் தொழிலாளியின் உயிர் பற்றிய பேச்சுத்தான்.

பருத்தித்துறை கடலோடு ஒட்டிய ஊர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் இன்று ஓயாத போக்குவரத்து. ஏப்ரல் விடுமுறைக்கும், சிவனொளிபாதமலைப் பருவத்துக்கும், பாடசாலைச் சுற்றுலாவுக்கும் இங்கிருந்து வான்கள் புறப்படுகின்றன. ஏ9 வீதியால் கண்டிக்குப் போய், பேராதனையில் ஏ5 வீதிக்குத் திரும்பி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இங்கே கடைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் அதே வீதியால் வீட்டுக்கு வருகிறார்கள். மட்டமான வீதியில் ஓடித் தேய்ந்த டயர், மழையும் மூடுபனியுமான மலையில் ஏறுகிறது. இறங்கும்போதுதான் சோதனை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, றதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பஸ், வானுடனும் ஓட்டோவுடனும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவற்றுக்கு டயர்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. மலை வீதி ஒரு பிழையைக்கூட மன்னிக்காது என்பதற்காகச் சொல்கிறோம். பிரேக், ஸ்டியரிங், சாரதியின் களைப்பு, வீதியின் ஓரச் சுவர் எல்லாவற்றையும் பற்றிப் பேச வேண்டும். ஆனால் பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், கடைசியில் வீதியைப் பிடிப்பது டயர் மட்டுமே.

உள்ளங்கை அளவு

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒரு வானின் டயர் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். நான்கு டயருக்கு நான்கு கை. பதினான்கு பேரும், அவர்களுடைய பைகளும், கூரையில் கட்டிய பெட்டிகளும் அந்த நான்கு கைகளில்தான் நிற்கின்றன.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தேயிலை மலையில் கான் வெட்டுவது எதற்கு? மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாமல், அதற்கென்று ஒரு வழி விடுவதற்கு. டயரில் இருக்கும் பள்ளங்களும் அதே கான்தான். வீதியில் நிற்கும் தண்ணீரை வாங்கிப் பக்கத்தால் தள்ளிவிட்டு, இறப்பர் வீதியைத் தொடும்படி செய்கின்றன. காய்ந்த வீதியில் கான் இல்லாவிட்டாலும் டயர் ஓரளவு பிடிக்கும். அதனால்தான் மொட்டை டயரோடு மாதக்கணக்கில் ஓடியவர், ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார். மழை வரும் நாளில்தான் கணக்குத் தெரியும். மலையில் கான் தூர்ந்தால் மண் போகும். டயரில் கான் தேய்ந்தால் ஆள் போகும்.

புதிய கார் டயரில் கான் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம். ஐரோப்பிய நாடுகளில் காருக்குச் சட்டம் விடும் கடைசி எல்லை 1.6 மில்லிமீற்றர். டயரின் கானுக்குள் குறுக்கே சிறு சிறு திண்டுகள் இருக்கும். மேல் இறப்பர் தேய்ந்து அந்தத் திண்டோடு மட்டமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் நனைந்த வீதியில் பிரேக் போட்டால், 3 மில்லிமீற்றர் கான் உள்ள டயரை விட, 1.6க்குத் தேய்ந்த டயர் ஏறக்குறைய இரண்டு கார் நீளம் தள்ளித்தான் நிற்கும். அந்த இரண்டு கார் நீளத்தில் ஒரு பிள்ளை நிற்கலாம். ஆகவே மலைக்கு வரும் வாகனத்துக்கு எங்கள் அளவு 3 மில்லிமீற்றர்.

அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு தீக்குச்சியின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். குச்சியைக் கானுக்குள் படுக்க வையுங்கள். குச்சி நன்றாக உள்ளே இறங்கி, அதற்கு மேலும் இடம் இருக்க வேண்டும். குச்சி வெளியே தலை நீட்டினால் அந்த டயரோடு றம்பொடைக்கு வராதீர்கள். நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் பாருங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூட. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை. டயரை மாற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

மட்ட வீதியில் ஓர் ஆபத்து, மலையில் வேறோர் ஆபத்து

வடமராட்சியில் கார்த்திகை, மார்கழி மழைக்கு வீதியில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஏ9 வீதியிலோ நீண்ட நேர் ஓட்டம். வேகம் தானாகவே ஏறும். இந்த இரண்டும் சேரும் இடத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். பிரேக் போட்டால் வாகனம் கேட்காது. விமானச் சக்கரங்களுக்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1960களில் கண்டுபிடித்த ஒரு கணக்கு உண்டு. தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும் வேகத்தைக் காற்றின் அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கின்படி 32 இறாத்தல் காற்று உள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீற்றரில் மிதக்கும். காற்று 20 இறாத்தலுக்கு இறங்கினால் 75 கிலோமீற்றரிலேயே மிதக்கும். காற்றுக் குறைந்த டயர் ‘நன்றாகப் பதிந்து பிடிக்கும்’ என்று சிலர் நம்புகிறார்கள். மணலில் அது சரி. மழை வீதியில் அது உயிராபத்து. மிதக்கத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், காலை அக்சிலேட்டரிலிருந்து எடுத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள்.

மலையில் வேகம் குறைவு. மிதக்கும் ஆபத்தும் குறைவு. அங்கே ஆபத்து வளைவில். வளைவில் திரும்புவதற்கும் பிரேக் போடுவதற்கும் டயருக்கு இருப்பது ஒரே பிடிதான். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் டயர் கைவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது எங்கள் மூத்த லொறிச் சாரதிகள் சொல்லும் விதி. மழையின் முதல் பத்து நிமிடம்தான் மிகவும் வழுக்கும். வீதியில் ஊறியிருந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும். மலையிலோ அதோடு இலையும், சரிவிலிருந்து வழிந்த செம்மண்ணும் சேரும்.

மேலே ஏறும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி இரண்டு, மூன்று இறாத்தல் கூடக் காட்டும். குளிர் அதே அளவைக் குறைத்துவிடும். ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடுகின்றன. புறப்படும் நாள் காலையில், டயர் சூடாகும் முன், சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடித்தால் போதும். ஆட்களும் சாமானும் நிறைய என்றால் அதற்கென்று குறித்திருக்கும் கூடிய அளவை அடியுங்கள்.

கடையில் நிற்கும்போது

டயர் வாங்கப் போனால் முதலில் விலையைக் கேட்காதீர்கள். டயரின் பக்கத்தைப் படியுங்கள்.

அளவுக்குப் பிறகு வரும் எண் சுமைக்கானது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. ஒரு பெரிய வானுக்குக் கார் டயரைப் போட்டால் அளவு பொருந்தலாம், சுமை பொருந்தாது. வானுக்கும் சிறிய லொறிக்கும் அதற்கென்று வரும் பாரம் தாங்கும் டயரே வேண்டும்.

அடுத்தது பிறந்த நாள். பக்கத்தில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்த டயர். ஓடாமல் இருந்தாலும் இறப்பர் கிழடாகும். பருத்தித்துறை வெயிலில் நிறுத்தி வைக்கும் வாகனத்துக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். ஐந்து ஆண்டு தாண்டினால் ஒவ்வொரு ஆண்டும் காட்டிப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டினால், கான் ஆழமாக இருந்தாலும் கழற்றுங்கள். உதிரி டயரையும் மறக்காதீர்கள். கிழட்டு டயர் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு கானின் வடிவம். நீளவாக்கில் ஓடும் கான் தண்ணீரை விரைவாக விடும். தார் வீதிக்கு நல்லது. குறுக்கே தடித்த கட்டை கட்டையாக இருப்பது சேற்றில் பிடிக்கும். நனைந்த தாரில் அவ்வளவு பிடிக்காது. கொழுந்து லொறி இரண்டிலும் ஓடுவதால், முன்னுக்கு நீளக் கான், பின்னுக்குக் குறுக்குக் கட்டை என்று போடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஒரே அச்சில் றேடியல் ஒன்று, நைலோன் ஒன்று என்று கலக்காதீர்கள்.

இரண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் புதியதை எங்கே போடுவது? பலர் முன்னுக்குப் போடுவார்கள். காரிலும் சிறிய வானிலும் பின்னுக்குப் போடுங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் சாரதிக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். சமாளிக்க நேரம் இருக்காது.

டாக் பண்ணின டயர் பற்றியும் சொல்ல வேண்டும். டாக் என்றாலே கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். விமானங்களுக்கே மேல் இறப்பர் புதுப்பித்த டயர் போடுகிறார்கள். நல்ல உடம்புள்ள டயரை ஒழுங்காகச் செய்தால் அது சிக்கனம். ஆனால் பழைய டயரின் வயது என்ன, பக்கத்தில் வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா, எத்தனையாவது தடவை என்று கேளுங்கள். ஆட்களை ஏற்றும் வாகனத்தின் முன் சக்கரத்துக்கு டாக் டயர் வேண்டவே வேண்டாம்.

பனி டயரும் எங்கள் ஊருக்கு வருகிறது

தமிழில் பனி என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. றம்பொடையில் கண்ணை மறைப்பது மூடுபனி. தை, மாசியில் நுவரெலியாவில் கொழுந்தைக் கருக்குவது உறைபனி. கனடாவிலும் நோர்வேயிலும் வீதியில் கொட்டிக் கிடப்பது வெண்பனி. பனி டயர் என்பது மூன்றாவதற்கு மட்டும். எங்கள் நாட்டில் அதற்கு வேலையே இல்லை.

இருந்தும் அது இங்கே வருகிறது. ஜப்பானின் பனி மாகாணங்களில் ஓடிய வாகனம் றீகண்டிஷனாக இறங்கும்போது அதன் டயரும் கூடவே வரலாம். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருந்தாலோ, மூன்று மலைச் சிகரத்துக்குள் ஒரு பனித்துகள் படம் இருந்தாலோ கவனியுங்கள். அந்த இறப்பர் குளிரில் இறுகாமல் இருக்க மென்மையாகச் செய்தது. எங்கள் வெயிலில் அது இன்னும் இளகி, விரைவாகத் தேய்ந்து, நனைந்த தாரில் நெளியும். கான் ஆழமாகத் தெரிவதால் ‘புது டயர் போல இருக்கிறது’ என்று ஏமாந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதே விஷயம் தலைகீழ். வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரணக் கோடை டயர் இறுகி, பிடியை இழக்கத் தொடங்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில், ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும். ஜேர்மனியில் 2024 ஒக்ரோபர் முதல் அந்த மலைச் சிகரப் படம் உள்ள டயர்தான் பனி வீதிக்குச் செல்லும். நோர்வேயில் குளிர்காலத்தில் கான் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். புதிதாகப் போன பிள்ளை, செலவை மிச்சம் பிடிக்கக் கோடை டயரோடு விடிய வேலைக்குப் போகிறேன் என்றால், இங்கிருந்து ஒரு அழைப்பு எடுத்துத் தடுங்கள். முன்னுக்கு மட்டும் இரண்டு பனி டயர் போடுவதும் கூடாது, நான்கும் வேண்டும்.

இந்த நாடுகளின் சட்டங்களில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டயரை அந்த நாடுகள் சாரதியின் சொந்த விருப்பமாக விடவில்லை. வீதிக்கு ஏற்ற டயர் பொதுப் பாதுகாப்பு என்று கருதிச் சட்டமும் சலுகையும் வைத்திருக்கின்றன.

யார் காசு கொடுப்பது?

இப்போது சங்கத்துப் பேச்சுக்கு வருகிறோம்.

1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த இறப்பர் கன்றுகள் கம்பகாவின் ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952இல் இந்த நாடு இறப்பரைக் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்கியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் விடியும் முன்னே எழும்பிப் பால் வெட்டும் கைகள்தான் அந்த அரிசியைக் கொண்டுவந்தன. இன்றும் இங்கே செய்யும் டயர்கள் உலகெங்கும் போகின்றன. கார் டயரை விட லொறி, பஸ் டயரில்தான் இயற்கை இறப்பரின் பங்கு அதிகம். ஆக, எங்கள் அக்காமார் வெட்டிய பாலில் செய்த டயர் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. அதே அக்காவைப் பிரட்டுக்களத்திலிருந்து தூரத்து மலைக்கு ஏற்றிப்போகும் டிரக்டர் பெட்டியின் டயர் மொட்டையாக இருக்கிறது. இதை நாங்கள் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மொட்டை டயரோடு ஓடும் சாரதியைக் குறை சொல்வது சுலபம். 2020இல் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோது எத்தனை ஓட்டோக்காரத் தம்பிமார் ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வாடகை வானின் சாரதிக்கு டயர் மாற்றும் அதிகாரம் இல்லை. ‘இந்தப் பயணம் போய் வா, பிறகு பார்ப்போம்’ என்பார் சொந்தக்காரர். மறுத்தால் நாளைக்கு வேறு சாரதி. பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றிதழ் உண்டு. அந்த ஒரு நாளுக்காக நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டிக் காட்டினால், மிச்சம் 364 நாளும் யார் பார்ப்பது?

ஆகவே சங்கம் தோட்ட நிர்வாகங்களிடமும் வாகனச் சொந்தக்காரர்களிடமும் நான்கு விஷயம் கேட்கிறது.

ஒன்று: தொழிலாளரை ஏற்றும் லொறி, டிரக்டர் பெட்டி, வான் எல்லாவற்றின் டயரும் மாதம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும்; சாரதியும் தோட்டக் கமிட்டித் தலைவரும் கையெழுத்திட்ட ஒரு கொப்பி பிரட்டுக்களத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: கான் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போன டயரோடு ஆட்களை ஏற்ற மறுக்கும் சாரதியின் வேலையோ அன்றையப் பெயரோ வெட்டப்படக் கூடாது.

மூன்று: டயரின் செலவு வாகனச் சொந்தக்காரருடையது. சாரதியின் சம்பளத்தில் அதைக் கழிக்கக் கூடாது. மண்வெட்டியும் கையுறையும் போல அதுவும் வேலைக்கான உபகரணம்.

நான்கு: லயங்களிலிருந்து பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றும் வானுக்கும் ஓட்டோவுக்கும் இதே பரிசோதனை. இதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்யலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பருத்தித்துறைத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். மலைக்கு வான் பேசும்போது ‘ஏசி இருக்கிறதா, பாட்டுப் போடலாமா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘டயரைக் காட்டுங்கள்’ என்றும் கேளுங்கள். பயணி கேட்டால் சொந்தக்காரர் மாற்றுவார். சாரதி தனியாகச் சொன்னால் கேட்காத காது, இருபது பேர் சேர்ந்து சொன்னால் கேட்கும். சங்கம் என்பதன் பொருளும் அதுதானே.

இங்கே வாசலில் பத்துப் பன்னிரண்டு வாகனங்கள் நிற்கின்றன. சாரதி அண்ணன்மார் சம்மதித்தால், தேநீர் குடித்து முடித்ததும் ஒரு தீப்பெட்டியோடு எல்லோரும் போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தேய்ந்திருந்தால் அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. யாருடைய வாகனம், யார் மாற்றித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வோம். சொந்தக்காரரிடம் போய்ப் பேசும்போது சாரதியோடு நாங்களும் வருகிறோம்.